புகையூட்டிய மீனில் கிரீம் டிப் செய்வது எப்படி? விருந்தினருக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். நான் இருப்பது ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா பக்கம். இந்தக் கரையோரம் எந்த மீன் உணவகத்தில் உட்கார்ந்தாலும் பசிக்கு முதலில் சொல்லிவிடுவது இதைத்தான்: ஒரு கிண்ணம் புகைமீன் டிப், பக்கத்தில் உப்பு பிஸ்கட், ஒரு துண்டு எலுமிச்சை, ஹாட் சாஸ் பாட்டில். அதனால் ஃப்ளோரிடா முறையைச் சொல்கிறேன்.

இங்கே இதற்குப் பேர்போன மீன் மடவை. பழவேற்காட்டில் வாங்குகிறோமே, அதே மடவைதான். அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் பலர் இதைத் தூண்டில் இரை என்று ஒதுக்கிவிடுவார்கள். சேற்றை மேய்கிற மீன், சேற்று வாடை வரும் என்பது அவர்கள் வாதம். இங்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து மணல் தரையில் மேய்கிற மடவைக்கு அந்த வாடை கிடையாது. கொழுப்பு அதிகம் என்பதால் புகையை நன்றாக இழுத்துக்கொள்ளும், காய்ந்து சக்கையாகாது. அதே கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும் என்பதால் மடவையை ஃப்ரீசரில் நீண்ட நாள் வைப்பதும் சரிவராது. புகை போடுவது அந்தக் காலத்தில் ருசிக்காக மட்டும் வந்த பழக்கம் இல்லை.

1994 நவம்பரில் இந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து, மடவை பிடிக்கப் பயன்பட்ட செவுள் வலையை (மீன் தலை நுழைத்ததும் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை) தடை செய்தார்கள். 1995 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. கோர்டெஸ் போன்ற மீனவ ஊர்களுக்குப் பலத்த அடி. இன்றும் மடவை வருகிறது, பெரும்பாலும் வீச்சு வலையில். இலையுதிர் காலத்தில் முட்டையிடக் கடலுக்குக் கூட்டமாகப் போகும் மடவைதான் நல்ல கொழுப்போடு இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே டெட் பீட்டர்ஸ் என்ற பழைய கடையில் 1951 முதல் செவ்வோக் (ரெட் ஓக்) மர விறகில் புகை போட்டு விற்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே மீனாக வாங்கிக்கொண்டு வீட்டில் டிப் செய்வது உத்தமம். சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் விற்கும் டிப்பில் மீனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் ஒரே பிடிவாதமும் அதுதான். கிண்ணத்தில் மீன் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இணையத்தில் பல குறிப்புகள் ஒரு முழு பாக்கெட் கிரீம் சீஸ், அதாவது 226 கிராம், போடச் சொல்லும். அதில் புகை வாசம் வந்த சுவடே தெரியாது. தோல், முள் நீக்கிய மீன் 300 கிராம் என்றால் கிரீம் சீஸ் 110 கிராம், மயோனைஸ் இரண்டு மேசைக்கரண்டி, சவர் கிரீம் இரண்டு மேசைக்கரண்டி. அவ்வளவு போதும். எட்டுப் பேர் வரை தாங்கும்.

முள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மீனை அகலமான தட்டில் உதிர்த்துப் பரப்பி, விரல் நுனியால் தடவித் தடவி எடுங்கள். முடித்தபின் மறுபடியும் ஒரு சுற்று. கண்ணைவிட விரல் நம்பகமானது. ஒரே ஒருவர் வாயில் ஒரு முள் சிக்கினால் போதும், அன்று அந்தக் கிண்ணத்துப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

கிரீம் சீஸை முன்கூட்டியே வெளியில் எடுத்து வைத்து மிருதுவாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ச்சியாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் அதையும் மயோனைஸ், சவர் கிரீமையும் குழைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து, செலரி ஒரு தண்டு, ஊறுகாயாகப் போட்ட ஹாலப்பீனோ மிளகாய் கொஞ்சம், மிளகுத்தூள், ஹாட் சாஸ் சில சொட்டு சேருங்கள். மீனைக் கடைசியில் போட்டு முள்கரண்டியால் புரட்டுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். கையில் அரைத்த துவையலில் திப்பி தெரிவது போல மீனின் நார் வாயில் தட்டுப்பட வேண்டும். உப்பு போடாதீர்கள், மீனில் ஏற்கெனவே இருக்கிறது. முந்தின இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் புகை வாசம் கிரீமுக்குள் இறங்கி, டிப்பும் இறுகி நிற்கும். எலுமிச்சைச் சாறு மட்டும் பரிமாறும் முன் பிழியுங்கள்.

நம் ஆட்கள் வந்தால் "ஆறின மீனா? கவுச்சி அடிக்குமே" என்று தயங்குவார்கள். முதல் பிஸ்கட்டில் நீங்களே தடவிக் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. காரம் போதாது என்பவர்களுக்குப் பச்சை மிளகாய் பொடியாக நறுக்கித் தனியாக வையுங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கொட்டினால் தாளிப்புதான் மணக்கும், புகை போய்விடும்.

ஊரில் இருந்து கேட்கிறீர்கள் என்றால் மீனுக்கு நீங்களே புகை போடலாம். மடவை அல்லது கானாங்கெளுத்தி நல்லது. முதுகுப் பக்கம் பிளந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு துடைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேல்தோல் தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வர வேண்டும். ஈரமான மீனில் புகை சரியாகப் பிடிக்காது. கனமான இரும்பு வாணலியில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு கரண்டி டீத்தூள், ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, மேலே கம்பித் தட்டில் மீனை வைத்து இறுக மூடுங்கள். புகை கிளம்பியதும் மிதமான தீயில் பத்து நிமிடம், அணைத்துவிட்டு இன்னொரு பத்து நிமிடம். தடித்த பகுதி உதிராக வந்தால் வெந்துவிட்டது, இல்லையென்றால் ஆவியில் கொஞ்சம் வைத்து எடுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தில் இந்த வேலை கூடாது. கிரீம் சீஸ் கிடைக்காவிட்டால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தது போதும், எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாசிக் கருவாடும் புகை போட்டதுதானே என்று கேட்காதீர்கள். அது கல்லாகக் காய்ந்தது, சம்பலுக்கு ராஜா, இதற்கு உதவாது. கடையில் மெல்லிய ஏடாக விற்கும் குளிர்ப்புகை சால்மனும் வேண்டாம். அது வேகாத மீன் என்பதால் உதிராமல் ஜவ்வு மாதிரி இழுக்கும்.

விருந்தில் கர்ப்பிணிகள் இருந்தால் இதை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் புகைமீனில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே நம் வஞ்சிரத்தின் உறவான கிங் மேக்கரலிலும் டிப் செய்கிறார்கள். பாதரசம் அதிகம் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சேர்த்திருக்கிறது. மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெளியே தோட்டத்தில் வெயில் காலம் என்றால் ஒரு மணி நேரம். கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தட்டு வைத்தால் நிம்மதி. சைவக்காரர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுடைய டிப்பை மேசையின் மறுகோடியில், தனிக் கரண்டியோடு வையுங்கள். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளைதான், மாறிப்போனால் சங்கடம்.

மிஞ்சினால் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். நான் காலையில் டோஸ்ட் மேல் தடவி, ஒரு தக்காளித் துண்டு வைத்துச் சாப்பிடுவேன். ஃப்ரீசரில் மட்டும் போடாதீர்கள், உருகும்போது தண்ணீர் பிரிந்து திரிதிரியாகிவிடும்.