அப்பாவின் ஆண்டு திரும்புமுன் சிரிக்கலாமா?

கேள்வி: அப்பா இறந்து இன்னும் ஆண்டு திரும்பவில்லை. அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம், அப்பா இருக்கும்போதே பேசி முடித்தது. கூறைச்சேலை எடுக்கப்போன கடையில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம், வீட்டுக்கு வந்ததும் எனக்குக் குற்றமாகப் போய்விட்டது. "இதற்குள் என்ன கொண்டாட்டம்" என்கிறார்கள் சொந்தக்காரர். செபமாலைக்கு வருகிறவர்களோ "அவர் ஆண்டவரிடம் போய்விட்டார், அழுவது விசுவாசக் குறைவு" என்கிறார்கள். நான் எப்படித்தான் இருப்பது?
வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, ஒரு பக்கம் சிரிக்காதே என்கிறது, மறுபக்கம் அழாதே என்கிறது. இரண்டையும் கேட்க வேண்டாம்.

லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசுவுக்கு, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவது தெரியும். தெரிந்தும் அவனுடைய சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு தானும் அழுதாரே, அதுவும் விசுவாசக் குறைவா? பவுல்கூடத் துக்கப்படவே வேண்டாம் என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார்.

எஸ்றா புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தை ஒருதரம் வாசியுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் எருசலேமில் ஆலயத்துக்கு மறுபடி அத்திவாரம் போடுகிறார்கள், எக்காளமும் கைத்தாளமும் பாட்டுமாக ஒரே ஆரவாரம், ஆனால் முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்ட கிழவர்கள் பலர் ஓவென்று அழுகிறார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லையாம். கிழவர்களை யாரும் அடக்கியதாக அங்கே இல்லை. அவர்கள் அழுகிறார்களே என்று வேலையை நிறுத்தியதாகவும் இல்லை.

நம்முடைய கரைக்கு இது புதிதும் இல்லை. 2004இல் கடல் வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள். அதற்காக இங்கே பாலன் பிறப்பை விட்டுவிட்டோமா? முதல்நாள் குடில் கட்டிப் பாடுகிற வீடுகளிலேயே மறுநாள் செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். பங்குத்தந்தையை முன்கூட்டியே கண்டு, கல்யாணப் பூசையில் சொல்லும் விசுவாசிகள் மன்றாட்டில் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா இருந்தால் அவரிடமும் முதலே சொல்லிவையுங்கள், திடீரென்று காதில் விழுந்தால் தாங்கமாட்டார். அந்த நேரம் அழுகை வந்தால் தம்பியின் பக்கத்திலேயே நின்று அழுங்கள், அவனுக்கும் அவர் அப்பாதானே. அப்புறம் விருந்தில் யாராவது சிரிக்கவைத்தால் சிரியுங்கள். சொந்தக்காரர் கேட்டால், இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அப்பாதான் என்று சொல்லுங்கள்.