அலையும் மனத்துக்கு 1,800 ரிங்கிட் தீட்சை தேவையா?

வாசகர் கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சில வாரங்களாகத் தியானத்தில் உட்காருகிறேன். இரண்டு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை; கார் கடன், மகளின் பள்ளி, மேற்பார்வையாளர் சொன்ன சொல் என்று ஓடிவிடுகிறது. எனக்குக் கர்மத் தடை இருப்பதாகவும், 1,800 ரிங்கிட் செலுத்தி இரண்டாம் நிலைத் தீட்சை பெற்றால்தான் மனம் அடங்கும் என்றும் வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார். 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் மனத்தில் கோளாறு எதுவும் இல்லை. நடந்ததையும் நடக்கப்போவதையும் அசைபோடுவது மூளையின் இயல்பு. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கைப்பேசி வழியாகப் பலரை அவ்வப்போது விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் அவர்களுடைய மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை என்று தெரிந்தது. தியானத்தில் உட்காருபவர் இந்த அலைச்சலை முதன்முறையாகக் கவனிக்கிறார். அதனால் அது கூடிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணத்தில்தான் ஒருங்கிணைப்பாளருக்கு வருமானம்.

செய்ய வேண்டியது எளிது, சலிப்பானதும்கூட. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மாற்ற முயலாமல், வெளியேறும் ஒவ்வொரு மூச்சையும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். முடிந்ததும் மறுபடி 1. நடுவில் கார் கடன் வந்துவிட்டால், உங்களைத் திட்டிக்கொள்ளாமலும், அந்தக் கணக்கை மட்டும் முடித்துவிட்டு வரலாம் என்று அதற்கு இடம் கொடுக்காமலும், மீண்டும் 1 என்று தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். உட்காரும் முன் மறுநாள் வேலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் உட்காராதீர்கள், தூங்குங்கள்.

மூச்சை அடக்கி மனத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். திருமூலர் சொல்லும் 16 மாத்திரை நேரம் (மாத்திரை என்பது ஒரு கால அளவு) மூச்சை இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கைக் காணொளியில் பார்த்துவிட்டு, முதல் வாரத்திலேயே முயன்று தலைசுற்றலோடு வருபவர்கள் உண்டு. அது தேர்ந்தவரின் அருகிலிருந்து படிப்படியாகப் பழக வேண்டியது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூச்சைக் கவனிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தாலோ, விபத்து, அடி, சாவு போன்ற பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டாலோ, ‘கர்மம் வெளியேறுகிறது, தாங்கிக்கொள்ளுங்கள்’ என்பவரின் பேச்சைக் கேட்டுத் தொடராதீர்கள். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெதுவாக நடந்து பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மௌன முகாம்களில் சேரவே கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரின் வாசலை மறுபடி மிதிக்கவும் கூடாது. உளவியலாளரிடம் அனுப்பும் கடிதம் கிடைத்த பிறகும் தேதிக்காகக் காத்திருக்க வைக்கிறார்கள் என்பது உண்மைதான், எனக்கும் அதில் எரிச்சல் உண்டு. தரகர்கள் ஆள் பிடிப்பது அந்த இடைவெளியில்தான்.

நம் நாட்டில் உளவளத் துணையாளராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும்; தியான ஆசிரியர் ஆவதற்கோ பதாகை அச்சடிக்கும் செலவு போதும். நிலைக்கு நிலை கட்டணம் ஏறுவதும், மூவரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் கழிவு தருவதும், போதாக்குறைக்கு மூளையை அமைதிப்படுத்தும் என்று சொல்லி ஆல்பா அலை இசைக் கருவி விற்பதும் வியாபாரம். பகாங்கின் கம்பாங்கில் உள்ள விபாசனா தியான நிலையத்தில் 10 நாள் வகுப்பு, உணவும் தங்குமிடமும் உட்பட, முன்பு முடித்தவர்களின் நன்கொடையில்தான் நடக்கிறது. உங்களுக்கு இப்போதைக்கு அதுகூடத் தேவையில்லை.

300 ரிங்கிட்டைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். வங்கிப் பரிமாற்றப் பதிவையும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளையும் அழிக்காதீர்கள். மறுத்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுச் செய்யலாம். மனுப் படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் விசாரியுங்கள்.