டிராக்குக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

வேலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் வாசலில் நிற்கலாம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர், ஒரே நெடுஞ்சாலை. பணம் கட்டிவிட்டு நம் சொந்த வண்டியை அந்தத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குத்தான் டிராக் டே என்று பெயர். போட்டியும் இல்லை, கோப்பையும் இல்லை. ஆனால் டயர் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் 390 சிசி பைக் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் முறையாக டிராக் டேக்குப் போகிறேன். பைக்கிலேயே போய் பைக்கிலேயே திரும்புவதாகத் திட்டம். இப்போதுள்ள டயர் பாதிதான் தேய்ந்திருக்கிறது. கடைக்காரரோ, பந்தய ரக சாஃப்ட் டயர் போட்டால்தான் வளைவில் பிடிக்கும் என்று ஜோடிக்கு 22,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?
— காட்பாடி வாசகர்

பதில்: வேண்டாம். முதல் நாளில் உங்கள் டயரின் எல்லையை நீங்கள் தொடப்போவதே இல்லை. அதற்கு வெகு முன்பே உங்கள் தைரியத்தின் எல்லை வந்துவிடும். அசல் பந்தய டயர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ரோட்டைப் பிடிக்கும். பந்தயக்காரர்கள் தடத்தில் இறங்கும் முன்பே அதற்கு மின்சாரப் போர்வை சுற்றி 80 டிகிரி வரை சூடேற்றுவது அதனால்தான். உங்களிடம் அந்தப் போர்வை இல்லை. முதல் இரண்டு சுற்றுகளில், சூடேறாத அந்த டயர் உங்கள் பழைய டயரைவிட மோசமாக நடந்துகொள்ளலாம்.

போகும் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். போக 100, வர 100, அத்தனையும் நேர் ரோடு. மென்மையான ரப்பர் நேர் ரோட்டில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். நாளெல்லாம் ஓட்டிக் களைத்துத் திரும்பும்போது காவேரிப்பாக்கம் அருகே மழை பிடித்துக்கொண்டால், பட்டன் அதிகமில்லாத அந்த டயர் தண்ணீரை எங்கே தள்ளும்?

இருக்கும் டயரை முதலில் சோதியுங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதைத் தாண்டிய டயர், பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் இறுகிப்போயிருக்கும். அதை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தாலும், பஞ்சருக்குத் திரி செருகியிருந்தாலும் அப்படியே. இது எதுவும் இல்லையென்றால் அந்த 22,000 ரூபாயை இன்னும் மூன்று டிராக் டேக்களுக்கு எடுத்து வையுங்கள்.

பின்னாளில் வாங்குவதானால், நடுவில் கடினமும் ஓரங்களில் மென்மையுமாக இரண்டு கலவையில் வரும் சாலை ரக ஸ்போர்ட் ரேடியலைக் கேளுங்கள். அளவை அடுத்துள்ள வேகக் குறியையும் பாருங்கள்: எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. கையேட்டில் உள்ள குறிக்குக் கீழே போகாதீர்கள். இன்னொன்று, அகலமான டயர் மோகம். அதே ரிம்மில் ஒரு சைஸ் பெரியது போட்டால் பார்ப்பதற்கு மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் ரிம் அதன் இரு பக்கத்தையும் உள்ளே இழுத்து, தரையில் படும், வட்டமாக இருக்க வேண்டிய முகத்தைக் கூராக்கிவிடும். வண்டியைச் சாய்க்கும்போது அதன் இயல்பே மாறிப்போகும். வேலூரில் பாதிக் கடைகள் இதைத்தான் 'அப்கிரேடு' என்று விற்கின்றன.

விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைச் சீட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு டயர்களுக்கு 2020 ஜூன் முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு இருப்பதால் சில அளவுகள் லேசில் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அது கிடங்கில் எத்தனை நாள் தூங்கியது என்பதை அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அரக்கோணத்துப் பக்கமே டயர் ஆலை இருக்கிறதே, நமக்குச் சுடச்சுடக் கிடைக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். டயர் என்ன இட்லியா!

கேள்வி: காற்று எவ்வளவு வைப்பது என்பதில் எனக்குத் தலை சுற்றுகிறது. போய்வந்த ஒரு நண்பர் 26 என்கிறார், இன்னொருவர் 32 என்கிறார், கையேட்டில் 29 என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?
— சத்துவாச்சாரி வாசகர்

பதில்: மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 26 என்றவர் காலையில் குளிர்ந்திருந்த டயரில் அளந்திருப்பார். 32 என்றவர் ஓட்டி முடித்து வந்த சூட்டில் அளந்திருப்பார். குளிரிலா சூட்டிலா என்று சொல்லாத காற்றழுத்தம், கிலோவா லிட்டரா என்று சொல்லாத விலை மாதிரி.

கணக்கு எளிது. டயருக்குள் அடைபட்ட காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. உயரும். (26, 29, 32 என்று நாம் பேசும் எண்களின் அலகுதான் பி.எஸ்.ஐ.) 35 டிகிரியில் 29 வைத்த டயர், தடத்தில் ஓடி 75 டிகிரியைத் தொட்டால் 34க்கு மேலே போயிருக்கும். காற்று கூடிப்போன டயர் தரையில் படும் பரப்பு சுருங்கிவிடும். வண்டி துள்ளும், வழுக்கும். குறைந்துபோனாலோ டயர் கொழகொழவென்று நெளிந்து, அந்த நெளிவிலேயே இன்னும் சூடாகும். ஆகவே தடத்தில் உங்களுக்கு வேண்டியது சூட்டில் இருக்கும் எண்தான். காலையில் வைக்கும் எண், அங்கே போய்ச் சேர்வதற்கான ஒரு ஊகம்.

நம் ஊரில் இந்த ஊகம் தவறுவது எளிது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? விடியற்காலை 25 டிகிரியில் வீட்டு வாசலில் 29 வைக்கிறீர்கள். நண்பகல் 38 டிகிரிக்கு அதே டயர், வண்டியை எடுக்காமலே கிட்டத்தட்ட 31 காட்டும். வெயிலில் நிறுத்தினால் வெயில் படும் பக்கத்து டயர் தனிக் கணக்கு. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டிவந்த கையோடு அளந்தால், அது குளிர் அளவும் அல்ல, தடத்துச் சூட்டு அளவும் அல்ல, எதற்கும் உதவாது. போய்ச் சேர்ந்ததும் நிழலில் நிறுத்துங்கள். பதிவு, சோதனை, அறிவுரைக் கூட்டம் எல்லாம் முடியட்டும். அதற்குள் டயர் ஆறிவிடும். பிறகு அளந்து கையேட்டு எண்ணை வையுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்து உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே காற்றழுத்தம் அளக்கும் கேஜை வையுங்கள். மூன்று நிமிடம் தாமதித்தால் எண் இறங்கிவிடும். சாலை ரக ஸ்போர்ட் டயருக்குச் சூட்டில் 30 முதல் 33 வரை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் டயருக்கு அதன் நிறுவனம் எண் கொடுத்திருந்தால் அதுவே சட்டம். கூடுதலாக இருந்தால் அரை அரையாக இறக்குங்கள். ஒரேயடியாக நான்கு இறக்கிவிட்டு 'இப்போது நன்றாகப் பிடிக்கிறது' என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அவர் இரண்டாவது ஓட்டத்தில் பழகிவிட்டார், அவ்வளவுதான். மொத்தத்தில் பைக்கில் குளிருக்கும் சூட்டுக்கும் இடையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால், குளிரில் குறைவாக வைத்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள். குறைந்த காற்று அதிகம் நெளியும், அதிகம் சூடாகும், அதிகம் ஏறும். முதல் முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இதற்கெல்லாம் சொந்தமாக ஒரு கேஜ் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையோர பங்க் ஒன்றில் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன். அவர்கள் இயந்திரம் 30 என்றது. அடுத்த ஊர் பங்கில் அதே டயர் 25 என்றது. எது பொய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்தினால், அது ஒரு பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் எப்போதும் அதே தப்பைத்தான் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். 60 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் வட்ட முகப்புக் கேஜாக, காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றும் பொத்தானோடு வாங்குங்கள். லாரிக்கானதில் 200 வரை கோடு இருக்கும். அதில் அரை பி.எஸ்.ஐ.யை எங்கே தேடுவது? கூடவே ஒரு குயர் நோட்டு. நேரம், வெயில், குளிர் எண், சூட்டு எண் என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. சூட்டில் காற்றை இறக்கினீர்கள் அல்லவா? மாலையில் டயர் ஆறியதும் அது 24, 25 என்று படுத்துவிடும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காலால் மிதிக்கும் பம்ப் இருந்தாலும் போதும். ஆறிய பிறகு கையேட்டு எண்ணுக்கு அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: என் ஹேட்ச்பேக் காரை ஒரு டிராக் டேக்குக் கொண்டுபோனேன். ஒரே நாளில் முன்பக்க இடது டயரின் வெளி ஓரம் அரித்தது போல் பிய்ந்துவிட்டது. டயர் போலியா?
— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போலி என்று சந்தேகிக்கக் காரணமில்லை. கடிகாரச் சுற்றில் ஓடும் தடத்தில் வலது வளைவுகள் அதிகம். அப்போது எடை முழுவதும் இடது பக்கம் சாயும். உங்கள் காரில் இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம். அந்த ஒரு டயர் வீட்டில் மூத்த மருமகள் மாதிரி, எல்லா வேலையும் அதன் தலையில். காற்றும் குறைவாக இருந்தால் டயர் மடங்கிப் பக்கச் சுவரே தரையைத் தொடும்.

அடுத்த முறை வளைவுக்குத் தகுந்தபடி, கார் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்தச் சீட்டில் உள்ள எண்ணைவிட 2 அல்லது 3 கூட்டித் தொடங்குங்கள். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். முகத்திலிருந்து பக்கச் சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். முகத்தின் ஓரத்தைத் தாண்டிச் சுவரிலும் கோடு அழிந்திருந்தால் இன்னும் காற்று வேண்டும். ஓரம் வரைகூட அழியவில்லையென்றால் கூடிவிட்டது. வெப்பமானி இருந்தால் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் அளக்கலாம்: நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் கொதித்தால் குறைவு, வெளி ஓரம் மட்டும் என்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம், போதாது. கடைசியானதை அலைன்மென்ட் கடையில்தான் சரிசெய்ய முடியும். பல சாதாரணக் கார்களில் அதற்கு இடமே கிடையாது. இன்னொரு யோசனை: ஆழமான பட்டன் உள்ள புத்தம்புது டயர் தடத்துச் சூட்டில் நெளிந்து துண்டு துண்டாகப் பிய்யும். கொஞ்சம் தேய்ந்த டயரே அங்கே நன்றாக உழைக்கும்.

கேள்வி: டிராக்குக்கு நைட்ரஜன் அவசியமா?
— ஆற்காடு வாசகர்

பதில்: நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதுவும் சூட்டில் விரியும். ஈரமில்லாதது என்பதே இங்கே அதன் முக்கிய நன்மை. பஞ்சர் கடை கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த ஈரம் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும். தொட்டியை வடிக்கிற கடையில் சாதாரணக் காற்று போதும். பங்கில் அது இலவசம்.

கேள்வி: 'புதுச் சரக்கு' என்று சொல்லி விற்ற டயர் மூன்று வருடம் பழையது என்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பில் கேட்டால் கடைக்காரர் மழுப்புகிறார். இதற்குள் அந்த டயரில் ஒரு டிராக் டேயும் ஓட்டிவிட்டேன்.
— பாகாயம் வாசகர்

பதில்: தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. பந்தயப் பயன்பாட்டுக்குப் பொதுவாக டயர் நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. அந்தப் பக்கம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பில் தராதது வேறு விஷயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிக நடைமுறை. பணம் செலுத்திய கைபேசிப் பதிவு, டயரின் நான்கு இலக்கப் படம் இரண்டையும் வைத்து முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. தேதி பழையது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். 'புதுச் சரக்கு' என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: என் மகன் டிராக்குக்குப் போவதற்கு முன் ஏலகிரி மலைப்பாதையில் பழகுகிறேன் என்கிறான். தடத்தில் விழுந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
— குடியாத்தம் வாசகர்

பதில்: ஏலகிரியில் எதிரே பஸ் வரும், ஓரத்தில் பலாப்பழம் விற்பார்கள், குரங்கு குறுக்கே ஓடும். அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்கும் வேகத்தில் போனால் போதும். பழகுவதற்குத்தான் தடத்தில் பணம் கட்டுகிறான், அங்கேயே பழகட்டும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று இருக்கும். டிராக் டே போட்டியல்ல என்று வாதாடலாம். நிறுவனம் ஒத்துக்கொள்ளும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். வண்டி விழுந்தால் அது உங்கள் வீட்டுப் பணம். அந்தத் தொகை எவ்வளவு வரை உங்களால் தாங்க முடியும் என்பதை அவன் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.