சந்தைக்கு வந்தவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும்

அன்புள்ள ஐயா,

பிஷப் ஆக்லாண்ட் நகரத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வட இங்கிலாந்தில் அதேபோன்ற ஒரு பழைய சந்தை நகரத்தில்தான் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். கடைவீதியில் வரிசையாகக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. இப்போது நகர மன்றம் அரசு நிதியைப் பெற்று, கடை முகப்புகளைப் பழைய பாணிக்கு மாற்றி, சதுக்கத்தில் கல் பாவப் போகிறது. பாரம்பரியம் என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் ஒப்பனைதானே இது? அந்தப் பணத்தை நேரடியாகக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தால் என்ன? மக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர்களுக்குக் கொடுக்கலாமே என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பணம் ஓராண்டு வாடகையாகக் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சேரும். கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். நலிந்த ஊர்களில் 200 ஆண்டுப் பழைய கட்டடம் ஒன்றைச் செப்பனிட ஆகும் செலவு, செப்பனிட்ட பிறகு அதற்குக் கிடைக்கும் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். எந்த வங்கி கடன் தரும்? போதாக்குறைக்கு, பிரிட்டனில் புதிதாக வீடு கட்டினால் வாட் வரி சுழியம். இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். பழையதைக் காப்பாற்றுபவருக்குத் தண்டனை விதிக்கும் வரி இது. இந்தப் பள்ளத்தைப் பொதுப்பணம்தான் நிரப்ப வேண்டும். பழைய கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு 2020 முதல் 2024 வரை அறுபதுக்கும் மேற்பட்ட கடைவீதிகளில் 95 மில்லியன் பவுண்டு திட்டத்தை நடத்தியதும் இதனால்தான். அதை ஒப்பனை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் சந்தேகத்தின் அடியில் உண்மை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற சட்ட அறிஞர், ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் இடையே 6⅔ மைல் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு மனிதர் ஒரு நாளில் 20 மைல் போகலாம் என்பது கணக்கு. நாளை மூன்றாகப் பிரித்தால், ஒரு பங்கில் சந்தைக்குப் போவது, ஒரு பங்கில் வாங்கி விற்பது, மீதியில் இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இந்த நகரங்களை அளந்த கோல் பக்கத்து ஊர்க்காரரின் கால்தான். அவர் வருவது நின்றுவிட்டால், முகப்பு எவ்வளவு பழமையாக இருந்தாலும் அந்த ஊரின் பாரம்பரியம் அறுந்துவிட்டது என்றே கொள்வேன்.

பிஷப் ஆக்லாண்டையே பாருங்கள். டரம் ஆயர்கள் ஏறக்குறைய 900 ஆண்டுகள் வாழ்ந்த மாளிகை அங்கே இருக்கிறது. 1756இல் ஆயர் ட்ரெவர் வாங்கிய, ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் ஓவியங்கள், விவிலியத்தின் யாக்கோபும் அவருடைய மகன்களும், அதன் நீண்ட உணவுக்கூடத்தில் தொங்குகின்றன. திருச்சபை அவற்றை விற்க முனைந்தபோது ஜோனதன் ரஃபர் என்ற முதலீட்டாளர் 15 மில்லியன் பவுண்டு கொடுத்து, ஓவியங்கள் அந்த ஊரிலேயே இருக்கும்படி செய்தார். பிறகு மாளிகை பொதுமக்களுக்குத் திறந்தது. சந்தைச் சதுக்கத்தில் 2021இல் ஸ்பானிய ஓவியக்கூடம் வந்தது. நிலக்கரியால் வளர்ந்து, சுரங்கங்கள் மூடியதும் தளர்ந்துபோன ஊருக்கு இது சிறிய கொடை அல்ல. ஆனாலும் என் மனம் சென்று நிற்பது 2017இல் அதே சதுக்கத்தில், முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தில் திறந்த சுரங்க ஓவியக்கூடத்தில்தான். டாம் மெக்கின்னஸ், நார்மன் கார்னிஷ் போன்ற சுரங்கத் தொழிலாளர்கள் நிலத்தடியில் உழைத்தபடியே வரைந்தவை அந்த ஓவியங்கள். அந்த வட்டாரத்துக்காரர் அங்கே தன் தாத்தாவின் குனிந்த முதுகைப் பார்க்கிறார்.

அங்கும் சதுக்கத்தைத் தாண்டி நியூகேட் வீதியில் நடந்தால் காலிக் கடைகள்தான் வரவேற்கின்றன. மாளிகையைப் பார்க்க வருபவர் காரில் வந்து காரில் போய்விடுகிறார். அவரை நம்பி ஒரு செருப்புக்கடை எப்படிப் பிழைக்கும்?

மான்செஸ்டருக்கு அருகே உள்ள ஆல்ட்ரிங்கம் வேறு வழியில் போனது. சந்தை நடத்த 1290இல் அரசப் பட்டயம் பெற்ற ஊர். 2010 வாக்கில் கடைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் காலி. அங்கே முதலில் பிழைக்க வைத்தது சந்தையைத்தான். விக்டோரியா காலத்துச் சந்தைக்கூடத்தில் நீண்ட மர மேசைகளைப் போட்டு, சுற்றிலும் சிறு உணவு வியாபாரிகளை அமர்த்தினார்கள். 2018இல் இங்கிலாந்தின் சிறந்த கடைவீதி விருது அதற்குக் கிடைத்தது. சுற்றிலும் வசதியானவர்கள் வாழும் ஊர் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் அதை அப்படியே படியெடுத்தால் நடக்காது.

கருத்துப் படிவத்தில் முகப்புகளைப் பற்றி ஒரு வரி போதும். மேல்மாடிகளைப் பற்றி விரிவாக எழுதுங்கள். கடையை அகலப்படுத்துவதற்காகப் பல இடங்களில் மாடிப்படியை இடித்துவிட்டார்கள். கடைக்கு மேலே குடியிருக்க வேண்டிய மாடிகள் புறாக்களுக்குப் போய்விட்டன. தெருவிலிருந்து மாடிக்குத் தனி வாசல் வைக்க நிதி ஒதுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் 365 நாட்களுக்கு மேல் காலியாக இருந்த கடையின் குத்தகையை நகர மன்றமே ஏலம் விடும் அதிகாரம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா என்றும் கேளுங்கள். கடைசியாக, கல் பாவும் மாதங்களில் வாரச்சந்தை வியாபாரிகளை எங்கே உட்கார வைப்பார்கள், வேலை முடிந்ததும் அவர்கள் பழைய வாடகைக்கே சதுக்கத்துக்குத் திரும்ப முடியுமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அன்புடன்.