பனியாறு உருகினால் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? – முல்லைத்தீவு மாணவருக்கு

தம்பி, பனியாறு (மலையில் பனி சேர்ந்து இறுகி மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடுமே, பிறகேன் மலைக் கிராமங்கள் வறளும் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கூடத்தான் செய்யும்.

முத்தையன்கட்டுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். மாரி பொய்த்த வருடத்தில் துருசை (மதகை) அகலத் திறந்துவிட்டால் சிறுபோக வயலுக்குத் தொடக்கத்தில் தாராளமாகப் பாயும். கதிர் வரும் நேரத்தில் குளத்தின் அடி தெரியும். பனியாறும் சேமிப்புத்தான். வெப்பம் துருசைத் திறக்கிறது, உருகுமளவுக்குப் புதுப்பனி சேர்வதில்லை. ஆற்று நீர் ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். பொலிவியாவின் சக்கால்தாயா பனியாறு 2009 இல் முற்றாகவே மறைந்துவிட்டது.

உங்கள் விடையில் வட இந்தியாவின் வறண்ட மலைப்பகுதியான லடாக்கைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கே வசந்தத்தில் விதைக்கும்போதுதான் தண்ணீர் வேண்டும். உயரத்துப் பனியாறோ கோடையில்தான் உருகும். பொறியியலாளர் செவாங் நோர்பெல் குளிர்கால ஓடை நீரை நிழல் விழும் சரிவுகளில் மறித்து உறையவைத்தார். ஊருக்கு அருகே, தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தப் பனி முந்தி உருகும். குளம் கட்டிய நம் ஆட்களின் மூளையேதான்!

பனியாறு உருகிய நீர் தேங்கிப் பனியேரியாகி, அது உடைத்தால் வெள்ளமும் வரும். அதற்கு உதாரணம்: 2023 ஒக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைத்துப் பாய்ந்து தீஸ்தா 3 அணையை அடித்துச் சென்றது. 2018 டிசம்பர் இரணைமடு வெள்ளத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது மழை வெள்ளம். இலங்கையில் பனியாறே இல்லை, புள்ளியை வெட்டிவிடுவார்கள்.