மனத்தை அளக்க முடியுமா? உளவியலின் தொடக்கம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: உளவியல் 1879-இல் தோன்றியது என்கிறார்கள். அதற்கு முன் மனத்தை யாரும் ஆராயவில்லையா, ஐயா?

பதில்: அந்த ஆண்டில் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். செய்தி அவ்வளவுதான். ஆன்மா, நினைவு, கனவு ஆகியவற்றைப் பற்றி அரிஸ்டாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக எழுதிவிட்டார்.

கேள்வி: மனமும் உடலும் வெவ்வேறு என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டின் கொள்கையை அவர் காலத்தில் எவரும் மறுக்கவில்லையா?

பதில்: பொகீமியா இளவரசி எலிசபெத் 1643-இல் அவருக்கு எழுதிய கடிதத்திலேயே, இடத்தை அடைக்காத, எதையும் தொட முடியாத ஆன்மா உடலை எவ்வாறு அசைக்கும் என்று கேட்டுவிட்டார். டெக்கார்ட் 1649-இல் வெளியிட்ட நூலில், மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பி வழியாக ஆன்மா செயல்படுகிறது என்றார். அசைவு நிகழும் இடத்தைச் சொன்னாரே தவிர, நிகழும் விதத்தைச் சொல்லவில்லை. இந்த வாதத்தில் இளவரசியின் கையே ஓங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: பிறக்கும்போது மனம் வெற்றுத்தாள் என்றாரே ஆங்கில மெய்யியலாளர் லாக்?

பதில்: பிறவியிலேயே கருத்துகள் உண்டு என்பதைத்தான் அவர் மறுத்தார், ஒப்பிடவும் நினைவில் வைக்கவுமான ஆற்றல்களை மறுக்கவில்லை.

கேள்வி: உளவியல் அறிவியலாக முடியாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் சொன்னது உண்மையா? அதை யார் முறியடித்தார்கள்?

பதில்: உண்மைதான். அகத்தில் நிகழ்பவை கணிதத்துக்குப் பிடிகொடுப்பதில்லை என்றும், உற்றுநோக்கும் செயலே நோக்கப்படுவதை மாற்றிவிடுகிறது என்றும் 1786-இல் அவர் எழுதினார். இரண்டாவது தடை இன்றும் முழுமையாக நீங்கவில்லை. முதல் தடையைத் தகர்க்கும் வேலையோ, உளவியலை நினைத்தும் பாராதவர்களிடமிருந்து தொடங்கியது.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில், தொலைநோக்கியினுள் இழுத்துக் கட்டிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நொடியை, கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணியபடியே கண்ணால் கணிப்பது அக்கால வழக்கம். உதவியாளர் கின்னிபுரூக்கின் கணிப்பு தம்முடையதிலிருந்து 0.8 நொடி விலகியதால், தலைமை வானியலாளர் மாஸ்கெலின் 1796-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார். பின்னாளில் ஜெர்மானிய வானியலாளர் பெசல், தேர்ந்த வானியலாளர்களிடையேகூட இத்தகைய வேறுபாடு நிலையாக இருப்பதைக் காட்டியபோதுதான், அது கவனக்குறைவன்று, ஆளுக்கு ஆள் மாறும், அளக்கக்கூடிய இயல்பு என்பது விளங்கியது. பாவம், கின்னிபுரூக்குக்கு அதனால் பயனில்லை.

1850-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பைத் தசைக்கு அருகிலும் பின்னர் தொலைவிலும் மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேர வேறுபாட்டைக் கொண்டு, நரம்புச் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கணக்கிட்டார். எடைகளைத் தூக்கிப் பார்க்கச் செய்த உடலியலாளர் வெபரோ, நாம் உணரும் மிகச்சிறு வேறுபாடு முதல் எடைக்கு ஏற்ற விகிதத்தில் அமைவதைக் கண்டறிந்தார். அந்த விகிதத்தைக் கொண்டே இயற்பியலாளர் ஃபெக்னர், உணர்வின் அளவையும் தூண்டலின் அளவையும் ஒரே சமன்பாட்டில் இணைத்து 1860-இல் நூலாக்கினார். அந்தச் சமன்பாடு பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளானாலும், காண்ட் மூடிய கதவு அதன்பின் மூடியே இருக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் வுண்ட் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று நம்பினாரா?

பதில்: இல்லை. ஒலி கேட்டதும் விசையை இயக்க ஆகும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை காட்டும் கருவியை அவரது கூடத்தில் பயன்படுத்தினார்கள். ஆனால் மொழி, தொன்மம், வழக்காறு போன்றவை ஆய்வுக்கூடத்துக்குள் அடங்காதவை என்று கருதிய அவர், 1900 முதல் 1920 வரை அவற்றுக்கென்றே பத்துத் தொகுதிகள் எழுதினார். அவரைப் போற்றும் பாடநூல்கள் பலவும் இந்தப் பத்துத் தொகுதிகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.