ஆன்லைன் செஸ்: ஏமாற்றியது எதிராளியா, நம் வீட்டு நெட்டா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன் சார். என் மகள் எட்டாம் வகுப்பு. இரண்டு வருடமாக செஸ் வகுப்புக்குப் போகிறாள். போன மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஒரு போட்டி நடந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு பையனிடம் தோற்றாள். அவன் ஒவ்வொரு காயையும் ஏழெட்டு விநாடியில் நகர்த்தினான். முடிந்ததும் பார்த்தால் அவன் துல்லியம் 94 சதவீதம் என்று காட்டியது. அவனுடைய கடிகாரம் சில சமயம் குறையவே இல்லை, ஒருமுறை ஏறியும் வந்தது. ஐந்தாம் சுற்றில் பாப்பாவுக்கு ஒரு யானையும் மூன்று சிப்பாய்களும் இருந்தன, எதிரில் இரண்டே சிப்பாய். அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. திரும்ப வருவதற்குள் நேரம் தீர்ந்து தோல்வி. நடத்தியவர்கள் “உங்கள் நெட், உங்கள் பொறுப்பு” என்கிறார்கள். அந்தப் பையன் ஏமாற்றியதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆதாரத்தோடு போடலாமா? பாப்பா இனிமேல் ஆன்லைனில் ஆடவே மாட்டேன் என்கிறாள்.

பதில்: குழுவில் போடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில், காட்பாடியில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்காக நானே வாராவாரம் ஆன்லைன் போட்டி நடத்தினேன். தன்னைவிட ரேட்டிங்கில் (ஆட்டத்திறனுக்கான புள்ளி) மிகவும் உயர்ந்த ஒருவனை ஒரு சின்னப் பையன் இருபது நகர்வில் முடித்துவிட்டான். எனக்குச் சந்தேகம். அதை மற்ற பெற்றோர் கேட்கும்படி அவன் அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். ராத்திரி உட்கார்ந்து ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டு நகர்வு வரை அவன் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருந்த ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள். அதற்குள் எதிராளி ராணியை விட்டுவிட்டான். மிச்சத்தை யாராக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா டீ கொடுத்து உட்காரவைத்தார். பையன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு அவன் வகுப்புக்கும் வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. உங்கள் கையால் இன்னொரு பிள்ளைக்கு அது நடக்க வேண்டாம்.

இப்போது கடிகார விஷயம். உங்கள் கடிதத்தில் ஏமாற்றுக்கான பலமான அடையாளமாக நீங்கள் நினைப்பது இதுதான் என்று தெரிகிறது. உண்மையில் மூன்றில் பலவீனமானது இதுவே. போட்டி 10+5 மாதிரி வைத்திருந்தால், ஆளுக்குப் பத்து நிமிடம் போக ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து விநாடி கூடும், கடிகாரம் ஏறத்தான் செய்யும். அறிவிப்பை எடுத்து அதை முதலில் பாருங்கள். அடுத்தது, உங்கள் திரையில் தெரியும் எதிராளியின் கடிகாரம் உங்கள் போன் போடும் ஒரு உத்தேசக் கணக்குதான். அசல் கடிகாரம் சர்வரில் ஓடுகிறது. நகர்வு வந்து சேரும்போது அசல் கணக்கோடு திரை சரிசெய்துகொள்ளும். அப்போது ஒன்றிரண்டு விநாடி முன்னும் பின்னும் குதிப்பது சகஜம்.

இதோடு லேக் ஈடு, அதாவது நெட் தாமதத்துக்கான ஈடு என்று ஒன்று இருக்கிறது. ஆன்லைன் செஸ் ஆடும் பெரிய தளங்கள் லிசெஸ், செஸ்.காம். இதில் லிசெஸ் தளத்தின் சர்வர்கள் பிரான்சில் இருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வேலூரிலிருந்து பிரான்சுக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்வரவே 80 மில்லிவிநாடி. கடலடிக் கேபிள் வளைந்து வளைந்து போவதால் நிஜத்தில் அதைவிட நன்றாகவே கூடும். ஐரோப்பாவில் இருப்பவனுக்கு இந்த நஷ்டம் இல்லை. அதனால்தான் வழியில் வீணாகும் நேரத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரருக்கே தளம் திருப்பித் தருகிறது. இஷ்டத்துக்குத் தருவதில்லை, அதற்கு ஒரு வரம்பு உண்டு. வேண்டுமென்றே நெட்டை மந்தமாக்கி நேரம் சம்பாதிக்க முடியாமல் இருப்பது அந்த வரம்பினால்தான். கடிகாரம் குறையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் முன்நகர்வு. எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் நகர்வைப் போட்டுவைப்பது. அதற்கு லிசெஸில் நேரமே பிடிக்காது, செஸ்.காமில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும்.

94 சதவீதமும் அப்படித்தான், தனியாக எதையும் சொல்லாது. துல்லியம் என்பது கணினி தேர்ந்தெடுக்கும் நகர்வுக்கும் நாம் ஆடியதற்கும் உள்ள இடைவெளியை வைத்துப் போடும் மதிப்பெண். ஆட்டம் சுலபமாக இருந்தால் மதிப்பெண் தானாக ஏறும். இருபது நகர்வு ஆட்டத்தில் பத்து ஓப்பனிங், ஐந்து வேறு வழியே இல்லாத நகர்வு என்று போய்விட்டால், அந்தப் பையன் சொந்தமாக யோசித்து ஆடியது ஐந்தே ஐந்து. ஐந்தை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

ஏழெட்டு விநாடி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். அது பார்க்க வேண்டிய விஷயம். லிசெஸில் ஆட்டத்தின் அலசல் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வரைபடமாகவே காட்டும். பாப்பாவோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். காய்க்குக் காய் வெட்டுப்பட்டு, திருப்பி வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் மனிதன் ஒரு விநாடியில் வெட்டுவான். நான்கு வழி பிரியும் சிக்கலில் அரை நிமிடமாவது விழிப்பான். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஏழு விநாடி என்றால், நகர்வை வேறொரு போனில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறானோ என்று கேட்க நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு ஆனால் உண்டு. நகர்வை உறுதி செய்ய இன்னொரு முறை தொடும்படி அமைத்திருந்தாலும், அவன் வீட்டு நெட் மந்தமாக இருந்தாலும், எல்லா நகர்விலும் இரண்டு மூன்று விநாடி சேர்ந்துகொள்ளும். எனவே ஒரு ஆட்டத்தோடு நிறுத்தாமல் அந்தப் போட்டியில் அவன் ஆடிய மற்ற சுற்றுகளையும் பாருங்கள். தன்னைவிடக் கீழே உள்ளவனோடும் அதே ஏழு விநாடிதானா? ஜெயித்துவிட்ட நிலையில், நேராக முடிக்காமல் கணினி மட்டுமே விரும்பும் விசித்திரமான பின்வாங்கல் எங்காவது உண்டா?

ஏமாற்று நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு சாதாரண போனில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் உலக சாம்பியனையே தோற்கடிக்கும். 2021 ஜூனில் கொரோனா நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆடியபோது, அவரைத் தோற்கடித்த ஒரு தொழிலதிபர், கணினியின் உதவியும் ஆட்களின் உதவியும் இருந்ததாக மறுநாள் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் போட்டியில் நான் அதிகம் கண்டது வேறு வகை. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனோ, அப்பாவோ, சில சமயம் பயிற்சியாளரோ சொல்லிக்கொடுப்பது. இதை எந்தக் கணினிக் கணக்கும் சுலபமாகப் பிடிக்காது, கேமராதான் பிடிக்கும். ஆகையால் பரிசுத்தொகை வைத்து நடத்துகிறவர்கள், ஆட்டக்காரரின் முகத்துக்கு ஒன்று, பக்கவாட்டிலிருந்து திரையும் கையும் தெரிய இன்னொன்று என்று இரண்டு கேமரா கேட்க வேண்டும். உங்கள் போட்டியில் அது இல்லையென்றால், குழுவில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். யார் பெயரையும் சொல்லாமல் கேட்கலாம்.

நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த சின்க்ஃபீல்ட் கோப்பையில், ஹான்ஸ் நீமன் என்ற இளம் அமெரிக்க வீரரிடம் தோற்ற அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் போட்டியை விட்டே விலகினார். சிறுவயதில் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமன் ஒப்புக்கொண்டார், நேரில் ஆடியதில் இல்லவே இல்லை என்றார். செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. அத்தனை ஆட்டங்களின் பதிவுகளையும் கையில் வைத்திருந்தும், நேரில் ஆடிய ஆட்டங்களுக்கு உறுதியான ஆதாரம் காட்ட அவர்களால் முடியவில்லை. வழக்கு, தள்ளுபடி என்று இழுத்து, 2023 ஆகஸ்டில் சமரசமானது. இங்கே நம் கையில் இருப்பதோ ஒரு ஸ்கிரீன்ஷாட்.

செய்ய வேண்டியது இது. ஆட்டத்தின் இணைப்பை நகலெடுத்துத் தளத்திலேயே அந்தப் பையனின் கணக்குப் பக்கத்தில் இருக்கும் புகார் வசதி வழியாக அனுப்புங்கள். எந்த நகர்வு, ஏன் சந்தேகம் என்று இரண்டு வரி போதும். ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேறு திரைக்கு மாறினான் என்பது போன்ற, நாம் பார்க்க முடியாத தடயங்களெல்லாம் அவர்களிடம் இருக்கும். ஏமாற்று உறுதியானால் அந்தக் கணக்கின் மேல் நடவடிக்கை எடுப்பார்கள், பாப்பா இழந்த ரேட்டிங் புள்ளி திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. இரண்டு தளத்திலும் இந்த வழக்கம் உண்டு. பிறகு நடத்தியவருக்குத் தனியாக ஒரு செய்தி: “சார், மூன்றாம் சுற்று ஆட்டத்தைத் தளத்தின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை பார்த்தால் நல்லது.” இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

ஐந்தாம் சுற்றுக்கு வருகிறேன். “உங்கள் நெட், உங்கள் பொறுப்பு” என்பது கேட்க வலிக்கும், ஆனால் ஆன்லைன் போட்டிகளில் பொது விதியே அதுதான். 2020 ஆகஸ்டில் நாட்டு அணிகளுக்கு நடந்த ஆன்லைன் செஸ் ஒலிம்பியாடின் காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு போனது. அவர்களின் முறையீடு நிராகரிக்கப்பட்டது, ஆர்மீனியா கோபத்தோடு விலகியது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவோடு இறுதிப் போட்டி. இம்முறை நம் அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். அன்று உலகின் பல பகுதிகளிலும் இணையம் தடைபட்டிருந்தது. இந்தியா முறையிட்டது, உலக செஸ் சம்மேளனமான ஃபிடே இரு அணிகளுக்கும் தங்கம் கொடுத்தது. ஒரே ஒருவருக்குப் போனதா, ஒரே நேரத்தில் பலருக்குப் போனதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. எனவே அந்தச் சுற்றில், அதே நிமிடத்தில், வேறு பிள்ளைகளுக்கும் நெட் போனதா என்று விசாரியுங்கள். நாலைந்து பேர் சொன்னால் நேரத்தைக் குறித்து நடத்தியவரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. வேகத்தைப் பார்க்காதீர்கள். செஸ்ஸுக்கு 100 எம்பிபிஎஸ் தேவையே இல்லை, ஒரு நகர்வு என்பது சில எழுத்துகள்தான். சீராக வருகிறதா என்பதே முக்கியம். செய்தி போய்வர எப்போதும் 200 மில்லிவிநாடி காட்டும் இணைப்பில் நிம்மதியாக ஆடலாம். 60 காட்டிவிட்டுத் திடீரென்று 3,000-க்குத் தாவுவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். கம்ப்யூட்டரில் முதலில் உங்கள் ரௌட்டருக்கே ஐந்து நிமிடம் பிங் (அந்தப் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள், பிறகு தளத்துக்குப் போடுங்கள். ரௌட்டருக்கே எண்கள் தாறுமாறாக ஆடினால் கோளாறு வீட்டுக்குள். அது சீராக இருந்து வெளியே மட்டும் தாவினால், எண்களைக் காட்டி கேபிள்காரரைக் கூப்பிடலாம். பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைபர் இழையில்தான் பிரச்சினை. ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

வீட்டுக்குள் கோளாறு என்றால், நம் பக்கத்து வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு. ஒன்று, ரௌட்டர் இரும்பு பீரோ மேலேயோ பின்னாலேயோ இருக்கும். பீரோ சிக்னலைத் தடுத்துவிடும். இரண்டு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் இருக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நாமே உட்கார முடியாது, பெட்டி சூடேறித் தானாக நின்று நின்று வரும். கீழே, காற்றோட்டமான இடத்துக்கு இறக்குங்கள். முடிந்தால் லேப்டாப்புக்கு நேராக ஒரு லேன் கேபிள். கரண்ட் போனாலும் ரௌட்டர் அணையாதபடி 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பாப்பா போனில் ஆடுகிறாள் என்றால் இன்னொன்று. இரண்டு சிம் உள்ள பல போன்களில், ஒரு சிம்மில் அழைப்பு வந்து பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். வியாபாரப் போனை மகளுக்குக் கொடுத்திருந்தீர்களா? அந்த நேரம் யாராவது கூப்பிட்டார்களா? கால் பட்டியலில் நேரத்தைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கலாம். அடுத்த முறை ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்து கொடுங்கள். பேட்டரி சேமிப்பு, விபிஎன் இரண்டும் வேண்டாம். வேறு கம்பெனி சிம் உள்ள இன்னொரு போன் ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராகப் பக்கத்தில் இருக்கட்டும். முந்தின நாளே ஒருமுறை மாற்றிப் பழகிவிட்டால் நிஜத்தில் அரை நிமிடத்தில் திரும்பிவிடலாம். கூடுதல் விநாடி இல்லாத 3+0, 5+0 போட்டிகளில் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். 10+5 என்றால் அரை நிமிடம் போனாலும் ஆட்டம் போகாது.

பாப்பாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த ஐந்தாம் சுற்று ஆட்டத்தின் கடைசி நிலையைத் தளத்திலிருந்து எடுத்து, வீட்டில் மரப்பலகையில் காய்களை அடுக்குங்கள். அவளுக்கு அந்த யானையும் மூன்று சிப்பாய்களும், உங்களுக்கு எதிராளியின் இரண்டு சிப்பாய். நேரக் கணக்கு வேண்டாம். அவள் முடிக்கட்டும்.